அட்வான்ஸில் பாதியைக் கையில் கேட்கும் வீடு

சென்னையில் தனியாக வீடு தேடும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் கொடுத்த 42,000 ரூபாயில் 22,000 எனக்கு இன்னும் வரவில்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை.

எனக்கு 34 வயது, கல்யாணம் ஆகவில்லை, பெருங்குடியில் வேலை. ஹாஸ்டல் அலுத்துப்போய் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் ஒன்றரை மாதம் அலைந்தேன். "எத்தனை பேர்மா?" என்பார்கள். "நான் மட்டும்தான்" என்றதும், "ஃபேமிலிக்குத்தான் கொடுக்கறதா இருக்கோம்." ஒருவர், "மாப்பிள்ளை வெளிநாட்டிலயா?" என்று அவராகவே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவி கிடைத்திருக்கும்.

அப்படி அலைந்து சோர்ந்திருந்தபோதுதான் அந்த மாடி போர்ஷன் அமைந்தது. வாடகை 14,000, அட்வான்ஸ் ஆறு மாதம், 84,000. கீழே ஓனர் அம்மாவும் சாரும். "தனிப் பொண்ணுக்கு யாரும் கொடுக்க மாட்டாங்கம்மா, உன் முகத்தைப் பார்த்துத்தான் சரின்னேன்" என்றார் அந்த அம்மா. நன்றியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அக்ரிமென்ட் போடும்போது அட்வான்ஸ் 42,000 என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு, "மூணு மாசத்துக்கு மேல எழுதினா சட்டப்படி பிரச்சனைம்மா, மீதியைக் கையில கொடுத்துடு" என்றார் சார். சட்டம் முன்பணமாக மூன்று மாத வாடகையைத்தான் சொல்கிறது என்பது உண்மைதான். 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அது. சட்டம் மூன்று மாதம் என்றால் மூன்று மாதப் பணத்தை மட்டும் வாங்க வேண்டியதுதானே? இதை நான் அப்போது கேட்கவில்லை. கேட்டால் வீடு போய்விடும் என்று பயம். இரண்டு நாள் ஏடிஎம்மில் எடுத்து, ரசீது இல்லாமல் கொடுத்தேன்.

ஏழு மாதம் இருந்தேன். கரண்டுக்கு சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினார்கள். அதைக்கூட விடுங்கள். ஊரிலிருந்து அண்ணன் வந்து ஒரு ராத்திரி தங்கியதற்கு மறுநாள், "யாரும்மா அது? முன்னாடியே சொல்லணும்ல" என்று விசாரணை. அதற்கும் தலையாட்டினேன்.

ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தால், நான் திறந்துவைத்த சமையலறை ஜன்னல் மூடியிருக்கிறது, கொடியில் காய்ந்த துணிகள் கட்டில் மேல் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளாடைகள் உட்பட. "மழை வந்துச்சும்மா, எங்ககிட்ட ஒரு சாவி இருக்கே" என்று சிரித்தார் அந்த அம்மா. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் ஓனர் நுழைய வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே உடம்பு கூசியது. அந்த வாரமே ஆள் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினேன்.

ஓனருக்கு அதுதான் பொறுக்கவில்லை. இரண்டே நாளில், "ஃபேமிலி ஒண்ணு கேக்கறாங்க, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா." அங்கே இருக்க எனக்கும் மனசில்லை, காலி செய்தேன். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை கழித்து 28,000 கையில் வந்தது. மீதி 42,000 எங்கே என்றால், "எந்தப் பணம்? அக்ரிமென்ட்ல என்ன இருக்கோ அதுதானே?" என்றார் சார். குரல்கூட உயரவில்லை.

தோழி ஒருத்தி வக்கீல். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவைக் காட்டி நோட்டீஸ் அனுப்பினாள். பெயின்ட் காசு 14,000 அடுத்த வாரமே வந்தது. கையில் கொடுத்ததற்குச் சாட்சியாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்: "மேடம், பேலன்ஸ் 42 கேஷா கொண்டு வாங்க." ஓனர் அனுப்பியதில்லை, புரோக்கர் அனுப்பியது. அதை வைத்து மல்லுக்கட்டி 20,000 வாங்கினோம். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிய அந்த புரோக்கர் இப்போது என் போனை எடுப்பதே இல்லை.

நீங்கள் வீடு பார்க்கும்போது கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அக்ரிமென்டில் வரட்டும், பேங்க் வழியாகவே போகட்டும். எத்தனை மாதத்துக்கு வாடகை என்றாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு என்று ஓனர் சொன்னால் நம்ப வேண்டாம். குடிபோகிற அன்று சுவர், குழாய், மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. "உன்னை நம்பிக் கொடுக்கிறோம்" என்று யாராவது உருகினால், நான் ரசீது கேட்காமல் வந்தது நினைவுக்கு வரட்டும்.

போன வாரம் அந்த புரோக்கரின் ஸ்டேட்டஸில் அதே மாடி போர்ஷனைப் பார்த்தேன். ஜன்னலில் நான் மாட்டிய கொசுவலைகூட அப்படியே இருக்கிறது. கீழே எழுதியிருந்தது: "ஒர்க்கிங் லேடீஸ் ஓகே. வாடகை 16,000. அட்வான்ஸ் நேரில்."