அமெரிக்க ராணுவப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு யாரிடமும் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் ஆசிரியராக இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாடுகளில் உள்ள அமெரிக்க ராணுவத் தளங்களில் ஆசிரியர் வேலை வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டு வந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். என்னிடம் அப்படி ஒரு கன்சல்டன்சி முதலில் 450 டாலரும் அப்புறம் 1,200 டாலரும் வாங்கியது. கார்டில் கட்டிய 450 மட்டும் திரும்ப வந்தது. மற்றது போனது போனதுதான். பணத்தைவிட எனக்கு உறுத்துவது, என் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் பாஸ்போர்ட் நகலும் இப்போது யார் கையில் இருக்கின்றன என்பது.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே பள்ளிகள் நடத்துகிறது. நடத்தும் அமைப்புக்கு டோடியா (DoDEA) என்று பெயர். ஜெர்மனி உள்ளிட்ட இடங்களில் இந்தப் பள்ளிகள் 1946-இல் தொடங்கின. இன்று 11 வெளிநாடுகள், 7 மாநிலங்கள், குவாம், புவெர்ட்டோ ரிக்கோ எல்லாம் சேர்த்துச் சுமார் 160 பள்ளிகள் இருக்கின்றன. ராம்ஸ்டைன், வீஸ்பாடன், இத்தாலியில் ஏவியானோ, ஸ்பெயினில் ரோட்டா, ஜப்பானில் ஒகினாவாவும் யோகோசுகாவும், கொரியாவில் கேம்ப் ஹம்ஃப்ரீஸ், பஹ்ரைன் என்று பல இடங்களில். ஆசிரியர்கள் மத்திய அரசு ஊழியர்கள். அமெரிக்காவிலிருந்து எடுக்கப்பட்டுப் போகிறவர்களுக்குப் பொதுவாகப் பயணச் செலவையும் வீட்டுச் சாமான் அனுப்பும் செலவையும் அரசே ஏற்கிறது. அங்கே அரசுக் குடியிருப்போ வீட்டு வாடகைப் படியோ உண்டு. பல வருடம் ஒரே வகுப்பறையில் நின்றவருக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு முறைப்படி விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விண்ணப்பம் போட்டுவிட்டால் அப்புறம் சத்தமே இருக்காது. ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கு என்று நாம் விண்ணப்பிப்பதில்லை. படிப்பு, சான்றிதழ், எந்தப் பகுதிகளுக்குப் போகத் தயார் என்பதையெல்லாம் பதிந்து வைக்கிறோம். ஓரிடம் காலியானால் தகுதியுள்ளவர்களின் பெயர்கள் அந்தப் பள்ளி முதல்வருக்குப் போகும், அவர் பார்த்துக் கூப்பிட்டால்தான் உண்டு. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் இடமாற்றம் கேட்பார்கள். அந்தத் தளத்திலேயே வசிக்கும் ராணுவத்தினரின் கணவன் மனைவிகளுக்கு முன்னுரிமை இருக்கிறது. அதனால் நல்ல ஆசிரியருக்கும் மாதக்கணக்கில் ஒரு பதிலும் வராமல் போகலாம். இந்த மௌனத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் கடை விரிக்கிறார்கள். நம் ஃபைல் எங்கேயோ அடியில் கிடக்கிறது, யாராவது எடுத்து மேலே வைத்தால் போதும் என்று மனம் தவிக்கும் நேரம் பார்த்து வருகிறார்கள்.

எனக்கு வந்த அழைப்பும் அப்படித்தான். தமிழ் ஆசிரியர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வெளிநாட்டு வேலை பற்றி ஒரு கேள்வி போட்டிருந்தேன். அன்று மாலையே ஒருவர் தனியாக அழைத்தார். நல்ல தமிழ், பணிவான குரல். "அக்கா, உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங். ஆனா நேரா போட்டா சிஸ்டம்லயே நின்னுடும். எங்களுக்கு உள்ளே ஆள் இருக்காங்க, ரெஃபரல் லிஸ்ட்ல மேல கொண்டு வந்துடுவோம்" என்றார். பள்ளி முதல்வருக்குப் போகும் பெயர்ப் பட்டியலைத்தான் ரெஃபரல் லிஸ்ட் என்பார்கள், அந்தச் சொல் அந்தத் துறைக்குள் உண்மையிலேயே புழங்குவது. அதைச் சரியான இடத்தில் சொன்னதும் விஷயம் தெரிந்தவர் என்று நம்பினேன். பதிவுக் கட்டணம் 450 டாலர் என்றார். ஒப்பந்தம், ரசீது எல்லாம் வந்தது.

அப்புறம் படிவங்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஓஎஃப் 306, மத்திய அரசு வேலையில் சேருபவர்கள் நிரப்பும் உறுதிமொழிப் படிவம். அது அசல் படிவம்தான். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை நிரப்பி அவர்களுக்கே அனுப்பச் சொன்னார்கள். உண்மையான நடைமுறையில் அது அரசின் பணியாளர் பிரிவுக்குத்தான் போக வேண்டும், இடையில் வேறு யாருக்கும் அதில் வேலையில்லை. அசல் படிவத்தைக் கையில் கொடுத்து ஏமாற்றும் இந்த வித்தையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். படிவம் உண்மையானது என்பதால் கேட்பவரும் உண்மையானவர் ஆகிவிட மாட்டார்.

சில வாரங்களில் ஒரு கடிதம் வந்தது. மேலே பாதுகாப்புத் துறையின் கழுகு முத்திரை, நடுவில் என் பெயர், கீழே கையெழுத்து. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் உள்ள ராணுவ உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணி, சம்பளம் ஜிஎஸ் (மத்திய அரசு ஊழியர்களின் பொதுச் சம்பள அட்டவணை) 11 நிலை, ஆகஸ்டில் சேர வேண்டும். உடனே ஃபோன். "அக்கா, வாழ்த்துகள்! குவார்ட்டர்ஸ் பிளாக் பண்ணணும், 1,200 டெபாசிட். ஜெல்லேல அனுப்பிடுங்க, கார்டு வேணாம், கார்டுன்னா லேட் ஆகும். சேர்ந்த முதல் மாசமே அரசாங்கம் திருப்பிக் கொடுத்துடும்." ஜெல்லே (Zelle) என்பது வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை. அனுப்பினேன்.

அந்தக் கடிதத்தை என் பள்ளியில் உடன் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். ராணுவக் குடும்பத்தில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர் அவர். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் மாறிவிட்டது. "ஹைடல்பெர்க்கா? அங்கே இப்போது நம் ராணுவமே இல்லையே. 2013-லேயே காலி செய்துவிட்டார்களே, பள்ளியையும் மூடிவிட்டார்களே" என்றார். ஐரோப்பாவுக்கான அமெரிக்க ராணுவத் தலைமையகம் ஹைடல்பெர்க்கிலிருந்து வீஸ்பாடனுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இல்லாத பள்ளியில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அதோடு விடாமல் சம்பள வரியையும் காட்டி அவர் இன்னொன்று சொன்னார். வெளிநாட்டு ராணுவப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஜிஎஸ் சம்பள விகிதம் கிடையாது. 1959-இல் வந்த தனிச் சட்டத்தின்படி அவர்களுக்குத் தனி அட்டவணை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள அமெரிக்க நகரங்களின் பள்ளிச் சம்பளச் சராசரியை வைத்து அது நிர்ணயிக்கப்படுகிறது. டிபி (TP) என்றுதான் அதைக் குறிப்பார்கள். ஆசிரியர் பணிக்கு ஜிஎஸ் எண் போட்டு ஒரு கடிதம் வெளிநாட்டிலிருந்து வந்தால், எழுதியவருக்கு இந்த அமைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். மின்னஞ்சல் முகவரியை அப்போதுதான் எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். டோடியா என்று தொடங்கி, நடுவில் ஒரு கோடு, அப்புறம் கரியர்ஸ், முடிவில் டாட் காம். உண்மையான முகவரி டோடியா டாட் இடியு என்று முடியும்.

அன்றிரவே அந்த ஆளை அழைத்தேன். "அக்கா, அது பழைய டெம்ப்ளேட், ஊர் பேர் மாத்தி அனுப்புறேன்" என்றார், கூச்சமே இல்லாமல். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. ஒப்பந்தத்தில் பணம் திரும்பாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் மேடம் என்றார். அக்கா போய் மேடம் வந்தது. மறுநாள் எண் வேலை செய்யவில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றால். அதே குழுவில் இருந்த, ஜே 1 என்ற தற்காலிகப் பரிமாற்ற விசாவில் வந்து கற்பிக்கும் இரண்டு இளம் ஆசிரியர்களிடமும் கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒருவரிடமும் இதே ஆள் பேசியிருக்கிறார், பணமும் கேட்டிருக்கிறார். வெளிநாட்டு ராணுவப் பள்ளி ஆசிரியர் பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது, விசா போதவே போதாது. விதிவிலக்கு வாங்கித் தருகிறோம் என்று சொன்னால் அது முழுப் பொய். கடன் வாங்கி ஜே 1-இல் வந்த ஒரு பிள்ளையிடம் போய் இப்படிப் பேச எப்படி மனம் வருகிறது என்று தெரியவில்லை.

சரி, உண்மையான வழி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். டோடியாவின் சொந்தத் தளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆசிரியர் விண்ணப்பமும் சரி, மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான யுஎஸ்ஏஜாப்ஸில் வரும் மற்ற பணிகளும் சரி, விண்ணப்பிக்க ஒரு சென்ட் கூடக் கட்டணம் இல்லை. மத்திய அரசு வேலைக்கு அரசு ஒருபோதும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை என்று, நுகர்வோரை மோசடியிலிருந்து காக்கும் அரசு அமைப்பான எஃப்டிசியே எச்சரிக்கிறது.

செலவே இல்லையா என்றால் உண்டு. தகுதித் தேர்வுக்குக் கட்டணம் உண்டு. கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டுக்குக் கட்டணம் இருக்கலாம். என்னைப் போல் இந்தியாவில் பட்டம் வாங்கியவர்கள் அதை அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடாக மதிப்பிட்டு அறிக்கை வாங்க வேண்டும், அதற்கும் செலவு. ஆனால் இவை எல்லாமே தேர்வு நடத்தும் அமைப்புக்கும் கல்லூரிக்கும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கும் நாம் நேரடியாகக் கட்டுபவை. நடுவில் ஒருவர் 'நான் மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று வந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். தனியார் சர்வதேசப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகள் சில ஆசிரியர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்குகின்றன. அது வேறு உலகம். அந்தப் பழக்கத்தைக் காட்டி ராணுவப் பள்ளிக்கும் இப்படித்தான் என்பார்கள், நம்பாதீர்கள்.

வேலை உண்மையிலேயே கிடைத்தால் முதலில் வருவது நிபந்தனையோடு கூடிய, இன்னும் உறுதியாகாத ஆணை. அதன்பின் பின்னணிச் சரிபார்ப்பு, கைரேகை, மருத்துவத் தகுதி. இவை முடிந்த பிறகுதான் உறுதியான ஆணையும் பயண உத்தரவும். வீட்டுக்கு நீங்கள் யாருக்கும் முன்பணம் அனுப்பி இடம் பிடிக்கத் தேவையில்லை. உறுதியான ஆணையும் பயண உத்தரவும் கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். பள்ளி ஆண்டு நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் சில மாநிலங்களில் உங்கள் ஆசிரியர் சான்றிதழுக்கே சிக்கல் வரும். அந்த ஆள் என்னிடம் உடனே ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொன்னார். நல்ல வேளை, முதல்வர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார்.

விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறப்புக் கல்வி, கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்குத் தேவை அதிகம். ஒரே நாட்டை மட்டும் தேர்ந்தெடுக்காமல் அதிகப் பகுதிகளுக்குத் தயார் என்று பதிந்தால் வாய்ப்பு கூடும். கூடுதல் பாடத்துக்குச் சான்றிதழ் வாங்கினாலும் அப்படித்தான். பணம் கொடுத்து வரிசையில் முன்னால் போக வழியே இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே சிலவற்றைச் செய்யுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணம் இருக்கும் முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். எனக்கு 450 திரும்பியது அப்படித்தான். ஜெல்லேவில் நாமே அனுப்பிய பணத்தை வங்கி எளிதில் மீட்டுத் தராது, என் வங்கி கைவிரித்துவிட்டது. இருந்தாலும் மோசடி என்று பதிவு செய்து வையுங்கள். நம் கடன் விவரங்களை வைத்திருக்கும் இக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் மூன்றிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்யுங்கள், உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்குவது கடினமாகும். 2018 முதல் இது இலவசம். சோஷியல் செக்யூரிட்டி எண் போயிருந்தால் வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் தளத்தில் ஐபி பின் என்ற ரகசிய எண்ணை வாங்குங்கள், உங்கள் பெயரில் வேறு யாரும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய முடியாது. எஃப்டிசியின் மோசடிப் புகார்த் தளத்திலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னஞ்சலையும் அப்படியே வைத்திருங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மின்னஞ்சல் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று காட்டும் முழு ஹெடர் தகவல் விசாரணைக்குத் தேவைப்படும்.

அந்தக் கன்சல்டன்சி இப்போது வேறு பெயரில், வேறு எண்ணிலிருந்து, இன்னும் சில தமிழ்க் குழுக்களில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதாக ஒரு தோழி நேற்றுச் சொன்னார். இப்போது ஜெர்மனியை விட்டுவிட்டு ஜப்பான், ஒகினாவா என்கிறார்களாம். உங்கள் குழுவில் அப்படி ஒரு செய்தி வந்தால், இதை அதன் கீழேயே போட்டுவிடுங்கள்.