டப்ளின் பப்களில் டோஸ்டி சாப்பிடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டப்ளின் நகர மையத்தில், டெம்பிள் பாருக்கு அருகே சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக நடமாடும் தெருவொன்றில் இருக்கும் பப்பில், வாசல் பலகையில் 7.50 யூரோ என்று எழுதியிருந்த ஹாம்–சீஸ் டோஸ்டிக்கு (பதப்படுத்திய பன்றி இறைச்சியும் சீஸும் வைத்துச் சூடாக்கிய சாண்ட்விச்) என்னிடம் 11.25 யூரோ வாங்கினார்கள். கூடுதலாகப் போன பணத்தைவிட, பலகையில் வர்ணித்திருந்த பொருள் தட்டில் இல்லை என்பதே என்னை அதிகம் உறுத்தியது. கடையின்மீது முறைப்படி புகார் அளித்திருப்பதால், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயரை எழுதுவது சரியல்ல. நடந்ததையும், இப்படிப்பட்ட கடையை உட்காருவதற்கு முன்பே அடையாளம் காணும் வழியையும் மட்டும் சொல்கிறேன்.

படிக்கவும் வேலைக்கும் அயர்லாந்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சிறிது பின்னணி. இங்குள்ள பழைய பப்கள் பலவற்றில் சமையலறை என்று ஒன்று கிடையாது. வெள்ளை ரொட்டித் துண்டுகளுக்கு இடையே ஹாமும் செடார் சீஸும் வைத்து, வெப்பம் தாங்கும் பையில் போட்டு முன்கூட்டியே ஆயத்தம் செய்துவிடுவார்கள்; கேட்கும்போது பாருக்குப் பின்னால் இருக்கும் சிறிய டோஸ்டரில் பையோடு சூடாக்கித் தருவார்கள். தக்காளியும் வெங்காயமும் சேர்ந்தால் அதற்கு ‘டோஸ்டட் ஸ்பெஷல்’ என்று பெயர். சவுத் வில்லியம் தெருவில், தொலைக்காட்சியும் இசையும் இல்லாமல் சுவரெங்கும் ஓவியங்கள் தொங்கும் குரோகன்ஸ் பப், ஒரு பைன்ட் கின்னஸ் பீரோடும் கடுகு விழுதோடும் கிடைக்கும் இந்த எளிய டோஸ்டிக்காகவே பெயர் பெற்றது. ஆடம்பரம் எதுவும் தேவையில்லாத பண்டம் இது. அதனாலேயே இதில் ஏமாற்றுவதும் சுலபமாக இருக்கிறது.

நகர மையத்தில் சாப்பிடும் டோஸ்டிகளுக்கு மதிப்பெண் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரொட்டி ஓரம்வரை பொன்னிறமாகச் சிவந்திருக்கிறதா, நடுப்பகுதிவரை சூடு இறங்கியிருக்கிறதா, வெங்காயம் மெல்லியதாக நறுக்கப்பட்டிருக்கிறதா, விலை நியாயமானதா என்று பார்ப்பேன் என்றாலும், மதிப்பெண்ணில் பாதியை ஹாமுக்கும் சீஸுக்குமே ஒதுக்குவேன். கடையிலேயே வேகவைத்தோ சுட்டோ அரிந்த ஹாம் ஒழுங்கான வடிவத்தில் இருக்காது. தசையின் வரிகள் தெரியும், ஒரு பக்கத்தில் கொழுப்பின் விளிம்பு ஒட்டியிருக்கும், துண்டுக்குத் துண்டு தடிமன் மாறும். பல துண்டு இறைச்சியை அழுத்தி ஒட்டவைத்துத் தயாரிக்கும் மலிவு ஹாமோ அச்சில் வார்த்ததுபோல் ஒரே வட்டமாக இருக்கும். சூடுபட்டதும் நீர் விட்டு ரொட்டியை ஊறவைத்துவிடும். முதிர்ந்த செடார் உருகும்போது சிறிது எண்ணெய் கக்கும், ஆறினால் இறுகும். பதப்படுத்திய சீஸ் தாளோ, கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பால்மமாக்கும் உப்புகள் சேர்ந்தது என்பதால் வழவழவென்று உருகி, ஆறிய பிறகும் ரப்பர்போலவே கிடக்கும்.

அந்தக் கடையின் பலகை ‘எங்கள் அடுப்பில் சுட்ட ஹாம், முதிர்ந்த ஐரிஷ் செடார்’ என்றது. ‘நகரின் மிகச் சிறந்த டோஸ்டி’ என்று கதவில் ஒரு வில்லையும் ஒட்டியிருந்தது. அந்தப் பட்டத்தை யார், எந்த ஆண்டில் கொடுத்தார்கள் என்ற விவரம் மட்டும் அதில் இல்லை. டோஸ்டட் ஸ்பெஷல் ஒன்று வேண்டும் என்றேன். வெங்காயமும் தக்காளியும் போடட்டுமா என்று பரிமாறியவர் கேட்டார். ஸ்பெஷல் என்றாலே அவை சேர்ந்ததுதானே என்ற எண்ணத்தில் ஆம் என்றேன். அந்த ஒரு கேள்வியில்தான் 2 யூரோ ஒளிந்திருந்தது.

தட்டில் வந்ததைப் பிரித்துப் பார்த்தபோது, ரொட்டியின் மேற்பக்கத்தில் மட்டும் கம்பி வரிகள் இருந்தன. அடிப்பக்கம் வெளுத்து, தோல்போல இழுபட்டது. பாருக்குப் பின்னால் சற்று முன்னர் ஒலித்த மைக்ரோவேவின் பீப் ஒலி எதற்கானது என்று அப்போது புரிந்தது. உள்ளே விளிம்பு பிசகாத வட்டமாக ஒற்றை ஹாம் துண்டு, அதன்மேல் சதுரமான ஆரஞ்சு நிறச் சீஸ் தாள், இரண்டுக்கும் நடுவே தேங்கிய நீர், எல்லாவற்றின் மையத்திலும் குளிர்ச்சி. ஹாம் ஏற்கெனவே வெந்ததுதான் என்பதால் நடுவில் சில்லென்று இருந்ததற்காக நோய் வந்துவிடும் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் சூடாக்கித் தருவதைத் தவிர வேறு வேலையே இல்லாத பண்டத்தில் அந்த வேலையையும் செய்யாதவர்களுக்கு எதற்காகப் பணம் தருகிறோம்?

பில்லில் டோஸ்டி 7.50, வெங்காயம் 1, தக்காளி 1, கடுகு விழுது 50 சென்ட் என்று 10 யூரோ ஆகியிருந்தது. அதன்மேல் 12.5 சதவீதச் சேவைக் கட்டணமாக 1.25 யூரோ. பாரில் தனியாக உட்கார்ந்து ஒரு தட்டு வாங்கியவனுக்கு எந்தச் சேவைக்கு இந்தக் கட்டணம் என்று கேட்டதற்கு, அது கணினியில் தானாக விழுவது என்றார்கள். ஹாமைப் பற்றிக் கேட்டபோது, சுட்ட ஹாம் அன்று தீர்ந்துவிட்டது என்று மேலாளர் சொன்னார். தீர்ந்துவிட்டதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றதற்கு விடை இல்லை; கடுகுக்கான 50 சென்ட்டை மட்டும் கழித்துத் தருவதாகச் சொன்னது எனக்கு இன்னும் கூடுதலான அவமதிப்பாகவே பட்டது.

இதைவிட முக்கியமானது மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீடு. அதை ஸ்கேன் செய்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ் இலவசம் என்று, தட்டு வருவதற்கு முன்பே பரிமாறியவர் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதற்கு முன்பே நட்சத்திரங்களை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் அந்தக் கடைக்கு இருக்கும் உயர்ந்த மதிப்பெண்ணில் எவ்வளவு டோஸ்டியால் வந்தது, எவ்வளவு உருளைக்கிழங்கு வறுவலால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே நட்சத்திரங்களைக் கணக்கில் கொள்ளாமல், வாடிக்கையாளர்கள் எடுத்துப் போட்ட படங்களில் ஹாமின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்; வட்டம் பிசகாமல் இருந்தால் அடுத்த தெருவுக்கு நடப்பது நல்லது.

இவையெல்லாம் சில்லறைத் தந்திரங்கள் என்று தள்ளிவிட வேண்டாம். பொருளின் தன்மையைப் பற்றியோ விலையைப் பற்றியோ நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை அயர்லாந்தின் 2007ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. விற்கும் பொருள் வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்பதை 2022ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் சொல்கிறது. பால் சாராத பொருளைச் சீஸ் என்ற பெயரில் விற்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. 2020இல் இந்நாட்டின் உச்ச நீதிமன்றம், மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை சேர்ந்திருப்பதால் ஒரு பெரிய சாண்ட்விச் நிறுவனத்தின் ரொட்டி மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தின்படி ரொட்டியே அல்ல என்று தீர்ப்பளித்தது. வரி என்று வந்தால் ரொட்டியின் இலக்கணத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற நாட்டில், ஹாமின் இலக்கணத்தைப் பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலிட்டிருக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமை, பால் ஆகியவற்றோடு கடுகும் உண்டு. பொட்டலமிடாத உணவுக்கும் இந்த விவரத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது அயர்லாந்தின் விதி. நான் கேட்டபோது வாய்மொழியாக ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று பதில் வந்தது. சீஸும் ரொட்டியும் கலந்த பண்டத்துக்கு அப்படி ஒரு பதிலைச் சொன்னவரை நம்பி யாரும் எதையும் சாப்பிடக்கூடாது. பன்றி இறைச்சி உண்ணாத நம்மவர்கள் சீஸ் மட்டும் வைத்த டோஸ்டியைக் கேட்பதுண்டு. அழுத்திச் சூடாக்கும் கருவி வைத்திருக்கும் கடைகளில் ஹாம் வைத்த டோஸ்டியும் அதே தட்டில்தான் சூடாகிறதா என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

விலை விவரத்துக்காக நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும், ஒவ்வாமை விவரத்துக்காக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையப் படிவத்திலும் எழுதியிருக்கிறேன். முதல் ஆணையம் தனிநபர் தகராறுகளைத் தீர்த்துவைப்பதில்லை, தகவலாகவே எடுத்துக்கொள்ளும். பணத்தைத் திரும்பப் பெற 25 யூரோ கட்டிச் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றாலும், 11.25 யூரோ டோஸ்டிக்காக அங்கே போகிறவர் என்னைவிடப் பிடிவாதக்காரராக இருக்க வேண்டும். எனவே பணம் கொடுப்பதற்கு முன்பே செய்யக்கூடியதைச் செய்யுங்கள்: வாசல் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பெஷலின் விலையில் வெங்காயமும் தக்காளியும் அடக்கமா என்று கேளுங்கள், ஹாம் எங்கே வெந்தது என்று கேளுங்கள், அச்சிட்ட பில் வராமல் கார்டைக் கருவியில் வைக்காதீர்கள். சேவைக் கட்டணத்தை நீக்கச் சொன்னால் நீக்குகிறார்கள் என்று, அதே கடையில் அண்மையில் சாப்பிட்ட இரு நண்பர்கள் சொன்னார்கள். ஹாம் அன்றைக்கும் தீர்ந்துபோயிருந்ததாம்.