கப்பல் கட்டிலும் மூஞ்சிக்கு நேரே ஏசியும்

நெய்வேலியிலிருந்து சகலை போன் செய்தார். தவளக்குப்பம் பக்கம் நாங்கள் தங்கும் அந்தக் 'கப்பல் ஹோட்டல்' வார நாள் வாடகையைக் குறைத்திருக்கிறதாம். "நீங்கதான் வருஷா வருஷம் போறீங்களே சகல, பிள்ளைங்களோட போலாமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

மஞ்சக்குப்பத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் வந்துவிடுகிற ஊரில் ரூம் போடுவானேன் என்று அம்மாவே கேட்பார். நாலு தடவை தங்கியாகிவிட்டது. எல்லாம் மகளுக்காக. முதல் தடவை அவளுக்கு ஐந்து வயது, இப்போது ஒன்பது.

கட்டட வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு அது வெறும் பெட்டி. வரிசையாக அறைகள், முன்னால் நீள வராந்தா. மாடிப்படியை மறைத்து ஃபைபர் கலங்கரை விளக்கம், முற்றத்தில் ஆளுயர நண்டு. காசெல்லாம் அந்த இரண்டில்தான் போயிருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் 1994-இல் திறந்த ஆல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் மாதிரியான மலிவு ஹோட்டல்களுக்கும் இதே கணக்குதான். அங்கேயே 2003-இல் வந்த பாப் செஞ்சுரி ஹோட்டலில் மாடிப்படிகளை ராட்சச பௌலிங் கட்டைகளுக்கும் ரூபிக் கியூபுக்கும் பின்னால் ஒளித்திருக்கிறார்கள். மச்சினன் படம் அனுப்பினான். பிள்ளைகள் சுவரையா பார்க்கிறார்கள்? இங்கே நண்டின் கொடுக்கு நுனியில் பிள்ளைகள் தொங்கித் தொங்கி சிவப்பு போய் வெள்ளை ஃபைபர் தெரிகிறது.

சரி, அறைக்குள் வருவோம். பிள்ளைகளுக்குக் கப்பல் வடிவில் இரட்டை அடுக்குக் கட்டில். மேல்தட்டில் சுற்றுகிற சுக்கான், வட்டச் சன்னல். அருமை. ஆனால் அதற்கு எதிர்ச் சுவரில், சரியாக மேல்தட்டில் படுத்திருக்கும் பிள்ளையின் மூஞ்சிக்கு நேரே ஏசி! மேலே பிள்ளை விறைக்கிறது, கீழே நாங்கள் வேர்க்கிறோம். ஏசியின் காற்றுத் தகட்டைத் தூக்கிவிட்டால் குளிர்காற்று கூரையில் மோதி ஏசிக்கே திரும்புகிறது; அது அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்து ஓய்வெடுத்துக்கொள்கிறது. முதல் வருஷம் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் ரூம் பையன் ஏசியில் கட்டம் போட்ட துண்டு ஒன்றைக் கட்டிவிட்டான். மூன்றாம் வருஷம் ஸ்வீட் பெட்டி அட்டை. போன தடவை மறுபடி அதே துண்டு. வரைந்தவர் ஒரு ராத்திரியாவது மேலே ஏறிப் படுத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

வராந்தாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். கதவைத் திறந்தால் நேரே முற்றம். பிள்ளை தூங்கியதும் கதவை ஒருக்களித்துவிட்டு நானும் மனைவியும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவோம். உள்ளே இருமினால் கேட்கும். பக்கத்து அறைக்காரர்களும் அப்படியே வந்து உட்காருவார்கள். தெருத் திண்ணை மாதிரி பேச்சு ஓடும். சனிக்கிழமை பாட்டில் கூட்டத்தை நாங்கள் தங்கும் பின்கட்டுப் பக்கம் விடுவதில்லை. பாண்டிச்சேரியில் இந்த வாடகைக்கு அது பெரிய விஷயம்.

இருந்தாலும் சகலை, போகாதீர்கள். ஏசியைப் பக்கச் சுவருக்கு மாற்ற ஒரு நாள் வேலை. அதைச் செய்யாதவர்களுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

எங்களுக்கு அரையாண்டு லீவுக்கு மனைவி ஏற்கெனவே ரூம் போட்டுவிட்டாள். மகளுக்குக் குரங்குக் குல்லா வாங்கியாயிற்று.