கல்லின் கன அளவு: ஜாடியா, வழியும் டப்பாவா, தராசா?

கைக்குள் அடங்கும் ஒரு கருங்கல் சில்லு. எடை 108 கிராம். அளவுகோல் வைக்க நேரான விளிம்பு ஒன்றுகூட இல்லை. அதன் கன அளவைத் தண்ணீரைக் கொண்டு காண மூன்று வழிகள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றதுதான் ஆக மோசம் என்பது என் கட்சி.

முதலில் அளவு ஜாடி. தண்ணீர் ஊற்றிக் கோட்டைக் குறித்துக்கொண்டு, கல்லை நூலில் கட்டி இறக்கி, ஏறிய அளவைக் கழித்தால் விடை. எளிமைக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் 100 மி.லி. ஜாடியின் வாயில் இந்தச் சில்லு நுழையாது. 250 மி.லி. ஜாடியை எடுத்தால் கோட்டுக்குக் கோடு 2 மி.லி. வாய் அகல அகல மட்டம் ஏறுவது குறையும். கண்ணுக்கு வேலை கூடும். போதாக்குறைக்கு, கல்லின் இடுக்கில் ஒட்டிய காற்றுக் குமிழிகளும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, பெயர் பெற்ற அந்த வழி: பக்கத்தில் மூக்கு வைத்த யுரேகா டப்பா. மூக்கு வரை நிரப்பிக் கல்லை இறக்கினால், வழிகிற தண்ணீரே கன அளவு. பெரிய பொருளுக்கு வேறு போக்கு இல்லாதபோது சரி. மற்றபடி அந்த மூக்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தண்ணீர் அங்கே உப்பிக்கொண்டு நிற்கும், விழாது. கடைசிச் சொட்டு விழுமா, விழாதா என்று காத்திருக்க வேண்டும். அதே கல்லை மறுபடி இறக்கினால் விடை வேறாக வரும்.

மன்னரின் தங்கக் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆர்க்கிமிடீஸ் சோதித்தது வழியும் தண்ணீரால்தான் என்று ரோமானியரான விட்ருவியஸ் எழுதிவைத்தார். ஒரு கிலோ கிரீடத்தில் 300 கிராம் வெள்ளி கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கத்தைவிட அது சுமார் 13 கன செ.மீ. பெரிதாக இருக்கும். 20 செ.மீ. அகலமுள்ள பாத்திரத்தில் அந்த வேறுபாடு 0.4 மி.மீ. உயரம்தான்! கலிலியோவும் இதை நம்பவில்லை. 1586-இல், 22 வயதில், தண்ணீருக்குள் நிறுக்கும் தராசைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார்.

என் ஓட்டும் தராசுக்கே. சமையலறை மின்னணுத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் தொங்கவிட்டு முழுக்க அமிழ்த்துங்கள். 40 என்று காட்டினால் கன அளவு 40 கன செ.மீ. தண்ணீர் கல்லை மேலே தள்ளும் விசை அப்படியே தராசின் மேல் இறங்குகிறது. தண்ணீர் கன செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிராம். கல் அடியில் தட்டினால் மட்டும் காரியம் கெட்டது. நூல் தொய்ந்ததும் எண் 108-க்குத் தாவிவிடும்.

மிதக்கும் தக்கையைக் கம்பியால் அமுக்கிப் பிடிக்கலாம். வெல்லம் கரையும், அதற்கு மண்ணெண்ணெய்தான்; அப்போது காட்டும் எண்ணை மண்ணெண்ணெயின் அடர்த்தியால் வகுக்க வேண்டும்.

உருப்படி சிறுத்தால் போட்டியே இல்லை. ஒரு சவரன், அதாவது 8 கிராம், 22 காரட் மோதிரத்தின் கன அளவு அரை மி.லி.கூடத் தேறாது. ஜாடியில் போட்டால் மட்டம் அசைந்ததா என்றே தெரியாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் தொங்கவிட்டால் 0.45 வாக்கில் எண் நிற்கும். கல் பதித்த மோதிரம் என்றால் கல்லின் கன அளவும் சேர்ந்துவிடும்; அப்போது மட்டும் இந்தக் கணக்கை வைத்து, தங்கத்தில் கலப்படம் என்று ஆசாரியிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.