அப்லியூவா, ஷாங்காய் தெருவா, ஃபா யுவனா? ஹாங்காங்கில் புதுக் குடித்தனத்துக்கு எதை எங்கே வாங்குவது

வாடகை ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்ததும் தேவைப்படுபவை மூன்று வகை: கரண்டில் செருகுபவை, அடுப்பில் ஏறுபவை, துணிமணி. ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் இந்த மூன்றுக்கும் தனித்தனித் தெரு உண்டு: முறையே அப்லியூ, ஷாங்காய், ஃபா யுவன். யாவ் மா தேய், மோங் காக், பிரின்ஸ் எட்வர்ட், ஷாம் ஷுய் போ என்று ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து வரும் நிலையங்களில் இறங்கினால் எல்லாமே நடக்கிற தூரம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தெருவில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் காசு வீணாகும்.

அப்லியூ தெருவில் மதியம் 12 மணிக்கு முன்னால் போனால் பாதிக் கடை திறந்திருக்காது. ஷாம் ஷுய் போ நிலையத்தில் ஏ2 அல்லது சி2 வாசலில் ஏறுங்கள். வயர், பிளக், டார்ச், ஸ்க்ரூடிரைவர், பழைய ரேடியோ, சிம் கார்டு என்று எதிரே பரப்பியிருப்பார்கள். இங்கே மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே ஊரிலிருந்து கொண்டுபோன மிக்சி அப்படியே ஓடும், பிளக்தான் நுழையாது. சிங்கப்பூர், மலேசியா போல இங்கும் தட்டையான மூன்று முனை, 13 ஆம்பியர் பிளக். மிக்சிக்குப் பயண அடாப்டர் மாட்டி ஓட்டாதீர்கள்: தளர்ந்து, சூடேறி, பொறி பறக்கும். அப்லியூவில் தனிப் பிளக் வாங்கி மாற்றுவதே மேல். பழுப்பு வயர் ஃப்யூஸ் பக்கத்தில் L என்று குறித்த இடத்துக்கு, நீலம் N என்று குறித்த இடத்துக்கு, பச்சை-மஞ்சள் எர்த்துக்கு. 750 வாட் மிக்சிக்கு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும்.

நல்ல பிளக்கைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். கீழே இருக்கும் இரண்டு முனைகளின் அடிப்பாதியில் பிளாஸ்டிக் உறை இருக்கும்; மேலே உள்ள நீண்ட எர்த் முனை முழுக்க உலோகமாக இருக்கும். எர்த் முனைக்கும் உறை போட்டிருந்தால் கையில் எடுக்காதீர்கள்: உள்ளே உலோகத்தோடு உலோகம் தொடாமல் எர்த் கிடைக்காமல் போகலாம். எக்ஸ்டென்ஷன் போர்டிலும் கணக்கு உண்டு. 13 ஆம்பியரை 220-ஆல் பெருக்கினால் 2,860 வாட். 2,000 வாட் கெட்டிலும் 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் ஒரே போர்டில் ஓடினால் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் போலியானால் போர்டே உருகும்.

பழைய சாமான் வாங்கும்போது செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். ஜப்பான் சந்தைக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயர் 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் புகைதான். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபயரை மட்டும் இங்கே பழசாக வாங்கவே கூடாது. மார்ச், ஏப்ரலில் சுவரே வியர்க்கும் ஊர் இது. கம்ப்ரசர் படுத்துவிட்டால் அலமாரித் துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். உத்தரவாதத்தோடு கடையில் புதுசாக வாங்குங்கள். சிம் கார்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் 2022 மார்ச் முதல் சொந்தப் பெயரில் பதிவு கட்டாயம். "ஏற்கெனவே பதிந்தது" என்று நீட்டினால் வேண்டாம்.

அடுப்புச் சாமானில் ஷாங்காய் தெருவுக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. யாவ் மா தேய் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் பெரும்பாலும் ஹோட்டல்காரர்களே வாங்குவார்கள். எனவே பேரம் அதிகம் படியாது, பொருளும் ஏமாற்றாது. சாயங்காலம் சீக்கிரமே மூடுவார்கள், ஞாயிறன்று பல கடைகள் திறப்பதில்லை. புறப்படும் முன் வீட்டு அடுப்பைப் பாருங்கள். கேஸ் என்றால் உருண்டை அடி சீனச் சட்டி. இண்டக்ஷன் என்றால் தட்டை அடி. உருண்டை அடியை இண்டக்ஷனில் வைத்தால் அடுப்பு சட்டியையே கண்டுகொள்ளாது.

இரும்புச் சட்டியைப் பழக்குவது நம் தோசைக்கல் பழக்குவது போலத்தான். புதுச் சட்டியில் ஆலை எண்ணெய் பூசியிருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, அடுப்பிலேயே ஈரம் காயவிட்டு, உலோகம் நீலச் சாம்பல் நிறம் ஆகும்வரை காய்ச்சுங்கள். பிறகு துணியில் தொட்ட எண்ணெயை மெல்லத் தடவிப் புகையவிடுங்கள். இப்படி மூன்று முறை. எண்ணெய் அதிகமானால் பிசுபிசுப்பான படலம் உட்கார்ந்துவிடும், அதைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும்.

கத்தியில் மெல்லியது காய்க்கும் எலும்பில்லாத கறிக்கும், தடித்தது எலும்புக்கு. மெல்லியதால் எலும்பை வெட்டினால் விளிம்பு உடையும். மூங்கில் ஆவித் தட்டு வாங்கினால் துணி விரித்து இட்லியும் வார்க்கலாம். தட்டு அமரும் சட்டியின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். கழுவி நன்றாகக் காய்ந்தபிறகே அடுக்குங்கள், இல்லாவிட்டால் அதுவும் பூஞ்சணம்தான்.

மூன்றாவது ஃபா யுவன் தெரு. மோங் காக் சாலைக்கு வடக்கே உள்ள பகுதிதான் குடித்தனக்காரர்களுக்கு; தெற்கே ஸ்போர்ட்ஸ் ஷூ கடைகள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஹேங்கர், குழந்தைத் துணி, பழம் எல்லாம் கிடைக்கும். விரிப்பு வாங்கும் முன் மெத்தை நீளம் 72 அங்குலமா, 75 அங்குலமா என்று டேப் வைத்துப் பாருங்கள். இங்கே இரண்டும் புழக்கத்தில் உண்டு, நெகிழ்விளிம்பு விரிப்பு 3 அங்குலம் குறைந்தால் மூலையில் நிற்காது. பழக்கடையில் விலை 'கட்டி' என்ற இங்குள்ள எடை அளவுக்கா, பவுண்டுக்கா என்று கேளுங்கள்: கட்டி ஏறக்குறைய 605 கிராம், பவுண்டு 454. "கே தோ ச்சின்?" (எவ்வளவு?) என்றால் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவார்கள். பை கேட்டால் குறைந்தது 1 டாலர் தனி.

பெயர்பெற்ற லேடீஸ் மார்க்கெட்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அது பக்கத்துத் துங் சோய் தெருவில்தான். வருகிற விருந்தாளியைக் கூட்டிப்போக நல்ல இடம், ஆனால் பேரம் பேசியே நேரம் போகும். குடித்தனத்துக்கு வேண்டியதில் பாதி அங்கே இருக்காது. கறிவேப்பிலை, மிளகாய்த்தூளுக்கு நாதன் சாலையில் இந்தியக் கடைகள் உள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடம்தான்.

மூன்றையும் ஒரே நாளில் முடிப்பதானால் காலை ஷாங்காய் தெரு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபா யுவன், 4 மணிக்கு மேல் அப்லியூ. சட்டியின் கனம் நாள் முழுக்கக் கையில்தான், ஆகவே சக்கர வண்டிப் பை கட்டாயம். கத்தியைக் கெட்டி அட்டைக்குள் வைத்துக் கட்டித் தரச் சொல்லி, பையின் அடியில் போடுங்கள்.