கொடிமலை ரயில்: பாதையில் குறையில்லை, அடிவாரத்தில்தான் சிக்கல்

பினாங்கு கொடிமலைக்குச் சொந்தக் காரில் ஏற முடியாது. தாவரவியல் பூங்கா பக்கமிருந்து மேலே போகும் சுமார் 5 கிலோமீட்டர் ஜீப் பாதை, மலையில் குடியிருப்பவர்களின் வண்டிகளுக்கும் அனுமதி பெற்ற வண்டிகளுக்கும் மட்டும்தான். இந்த விதி கட்டாயம் இருக்க வேண்டும். பாதை அவ்வளவு குறுகல், அவ்வளவு செங்குத்து. 2017 நவம்பர் பெருமழையில் மண் சரிந்து அது எந்த அளவுக்குச் சேதமானது என்பது பினாங்கு மக்களுக்குத் தெரியும்.

ஆக, ரயில்தான் வழி. பழைய ரயிலில் பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். 2011-இல் வந்த புதிய பெட்டியில் 100 பேர் ஏறலாம். நேராக மேல் நிலையத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் போய்விடும். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள்: ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும், நடுவழியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒன்றையொன்று கடக்கும். கூட்டம் அதிகம் என்று மூன்றாவது பெட்டியைச் சேர்க்க முடியாததற்கும், ஒன்று பழுதானால் இரண்டுமே நிற்பதற்கும் இதுதான் காரணம். வருடாந்திரப் பராமரிப்புக்கும் சேவையை நிறுத்துவார்கள். கிளம்பும் முன் அறிவிப்பைப் பாருங்கள்.

ரயிலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆயர் ஈத்தாமில் இருக்கும் அடிவார நிலையத்துக்குக் கொடுக்க முடியவில்லை. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் காலையிலேயே நிறைந்துவிடும். பிறகு வரும் கார்கள் இடம் தேடிச் சுற்றுவதால் சாலையே அடைபடும். ஜார்ஜ்டவுன் படகுத்துறையான ஜெட்டியிலிருந்து, நகர மையத்தில் உள்ள கொம்தார் கட்டடம், ஆயர் ஈத்தாம் வழியாக வரும் 204 ரேபிட் பினாங்கு பஸ் நிலைய வாசலிலேயே இறக்கிவிடுகிறது. ஆனால் அதுவும் அதே நெரிசலில்தான் மாட்டுகிறது. காரை மலைமேல் விடாமல் தடுத்தது பாதி வேலைதான். பஸ் இன்னும் அடிக்கடி ஓடினால்தான் மக்கள் காரை வீட்டில் விட்டு வருவார்கள்.

இப்போதைக்கு, வார நாளில் காலை ஒன்பதுக்கு முன் வந்துவிடுங்கள். பஸ்ஸுக்குச் சில்லறை சரியாக வைத்திருங்கள், மீதி கிடைக்காது. டிக்கெட்டை இணையத்தில் வாங்கினாலும் ஏறுவதற்கு வரிசை உண்டு. மலேசியர்கள் மைகாட் அடையாள அட்டையை மறக்கக் கூடாது. காட்டினால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. விரைவு வரிசை டிக்கெட் வார நாளில் வீண் செலவு. விடுமுறையில் வயதானவர்களைக் கூட்டிப் போனால் மட்டும் வாங்கலாம். பெட்டிக்குள் படிப்படியாக அறைகள், இருக்கை குறைவு, பெரும்பாலோர் நின்றுதான் போக வேண்டும். ஏறும்போது கடைக்கோடி அறையில் நில்லுங்கள். ஜார்ஜ்டவுன் முழுக்க அந்தப் பக்கம்தான் தெரியும்.

மேலே திருமுருகன் கோயிலுக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். முட்டிவலிக்காரர்களுக்குக் கட்டண பக்கி வண்டி உண்டு.

தாவரவியல் பூங்காவிலிருந்து கேபிள் கார் கட்டுகிறார்கள். ரயில் நிற்கும் நாளில் மலைக்கு இன்னொரு வழி கிடைக்கும் என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் அங்கேயும் பஸ்ஸை யோசிக்காமல் பார்க்கிங்கை மட்டும் கட்டினால், ஆயர் ஈத்தாம் நெரிசல் பூங்காச் சாலைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.