எண்கள் பொருந்தாத கோல்ட்: ஆர்ட்டிலரி மாடலுடன் சில ஆண்டுகள்

பழைய கோல்ட் ரிவால்வர் வாங்கப் புறப்படுகிறவருக்கு இங்கே அமெரிக்காவில் முதலில் சொல்லப்படும் பாடம், எல்லாப் பாகங்களிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும் என்பது. என்னிடம் பல ஆண்டுகளாக இருக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற கோல்ட் ராணுவ ரிவால்வரில் ஃபிரேமில் ஓர் எண், விசைக்காப்பில் வேறு எண், குண்டுகள் இருக்கும் சுழல் சிலிண்டரில் இன்னொன்று. அப்படி இருந்ததால்தான் நம்பி வாங்கினேன்.

1873 முதல் 1891 வரை அமெரிக்க ராணுவம் வாங்கிய இந்த .45 குண்டளவு ரிவால்வர்களுக்கு ஏழரை அங்குலக் குழல். பிறகு .38 ரிவால்வர் வந்து இவற்றை ஓரங்கட்டியது. 1895 முதல் இவற்றைத் திரட்டி, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பழுதுபார்த்தார்கள். கழற்றிய பாகங்களில் கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டியதால் பெரும்பாலானவற்றில் எண்கள் கலந்துபோயின. ஆர்ட்டிலரி மாடல் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இப்படி வெட்டிய இவற்றைத்தான். 1898இல் தியடோர் ரூஸ்வெல்ட்டின் ரஃப் ரைடர்ஸ் என்ற தன்னார்வக் குதிரைப்படை கியூபாவுக்கு எடுத்துச் சென்றது இந்த வகையைத்தான். பிலிப்பைன்ஸ் போரில் .38 குண்டுக்கு எதிரி விழவில்லை என்று சிப்பாய்கள் புலம்பியபோதும் இந்தக் கிழவர்களைத்தான் தேடினார்கள்.

வெட்டிய தடயம் என் துப்பாக்கியில் நன்றாகத் தெரிகிறது. குழலின் மேலுள்ள கோல்ட் ஆலையின் ஹார்ட்ஃபோர்ட் முகவரி நடுவில் இல்லாமல் முனைப்பக்கம் ஒட்டி நிற்கிறது. இடப்பக்க மரப்பிடியில் ராணுவத்துக்காகப் பரிசோதித்த ஆய்வாளர் ரினால்டோ கார் வைத்த ஆர்.ஏ.சி. முத்திரை பாதி தேய்ந்து, சாய்வான வெளிச்சத்தில்தான் படிக்கக் கிடைக்கிறது. அது கூர்மையாகப் பளிச்சென்று இருந்தால், அதுவும் மரம் தேய்ந்திருந்தால், எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

சுத்தியலை மெதுவாக இழுத்தால் நான்கு 'க்ளிக்' கேட்கும். சிலிண்டரைப் பூட்டும் கட்டை விழுவது மூன்றாவது. அதன் கீழே இருப்பது இரண்டாகப் பிளந்த ஒற்றைத் தட்டை வில். ஒரு காலால் விசையையும் மறுகாலால் கட்டையையும் தள்ளுகிறது. இந்தத் துப்பாக்கியின் தீராத பலவீனம் அதுதான். பொழுதுபோக்காகச் சும்மா சுழற்றிக்கொண்டிருந்தால் வில் முறியும், சிலிண்டரைச் சுற்றிக் கோடு விழும். முதல் 'க்ளிக்' என்ற பாதுகாப்புப் பள்ளத்தை நம்பி ஆறு குண்டு போடுவது மடமை. அந்தக் காலத்திலேயே விவரம் தெரிந்தவர்கள் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்துதான் போட்டார்கள். இதில் நான் சுடுவதில்லை. சுடுவதற்கு நவீன நகல் இருக்கிறது.

பராமரிப்பு எளிது. மெல்லிய எண்ணெய், பருத்தித் துணி, அவ்வளவே. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் பிடித்துத் துரு ஏறும். மெருகேற்றித் தருகிறேன் என்பவரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். 1898 வரை தயாரானவை 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள் என்பதால் வாங்குவதில் அலைச்சல் குறைவு. ஆனாலும் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

எண்கள் அனைத்தும் ஒத்துப்போகும் ஆர்ட்டிலரி என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், பணப்பைக்கு முன்னால் பூதக்கண்ணாடியை எடுங்கள். ஆரம்பத் தொகுதியில் அப்படிச் சில உண்டு. பழைய எண்ணை அரம்போட்டு அழித்துப் புதிதாக அடித்தவையும் உண்டு; அங்கே உலோகம் லேசாகக் குழிந்திருக்கும்.